வாசலில் சீட்டு விற்கத் தொடங்கிய நாள்: ஹாவ் பார் வில்லாவும் ஆவ் குடும்பமும்

ஊருக்குப் போகும்போது பெட்டியில் கோடாலித் தைலமும் டைகர் பாமும் எடுத்துப் போகாத சிங்கப்பூர்த் தமிழரை நான் பார்த்ததில்லை. முழங்கால் வலிக்கு, தலைவலிக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்று பத்துக் குப்பியாவது இருக்கும். அந்த டைகர் பாமின் அறுகோணக் குப்பிதான் பாசிர் பாஞ்சாங் சாலையில் ஹாவ் பார் வில்லா, அதாவது டைகர் பாம் தோட்டம் என்ற ஒரு முழுப் பூங்காவையே பல ஆண்டுகள் தூக்கிச் சுமந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வாசலில் ஒரு காசு வாங்காமல் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு நடந்த பூங்கா அது. பிறகு கட்டணம் வாங்கத் தொடங்கி, பத்தே ஆண்டில் 31.5 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி நட்டத்தில் வந்து நின்றது. இலவசமாக இருந்தபோது பிழைத்தது, காசு வாங்கியபோது ஏன் விழுந்தது? இதைத்தான் இங்கே ஆராய்ந்து பார்க்கிறேன்.

சிராங்கூன் சாலைப் பக்கம் உள்ள குடும்பக் கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் மளிகைக் கடை, அப்பா விட்டுப்போன நகைக் கடை, மூன்றாம் தலைமுறையில் யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல் நிற்கும் கட்டடம், இப்படி. அதனால் ஹாவ் பார் வில்லாவையும் நான் கணக்கு ஏட்டின் கண்ணால்தான் பார்க்கிறேன், மன்னிக்கவும். அதோடு, அந்த இடத்தின் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பாசம் உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை.

கதை சிங்கப்பூரில் தொடங்கவில்லை, ரங்கூனில் தொடங்குகிறது. நம் செட்டியார்களின் வட்டிக்கடைகளும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர், தெலுங்கர் கூட்டமும் நிறைந்திருந்த அதே ரங்கூன். அங்கே ஆவ் சூ கின் என்ற ஹக்கா சீன மருத்துவர் 'எங் ஆன் தோங்' என்ற மருந்துக் கடையை நடத்திவந்தார். அவர் 1908இல் இறந்தபோது கடை மகன்களுக்கு வந்தது. மூத்தவன் சிறுவயதிலேயே போய்விட்டான். மிஞ்சிய இருவர் பூன் ஹாவ், பூன் பார். பெயரில் 'ஹாவ்' என்றால் புலி, 'பார்' என்றால் சிறுத்தை. இரண்டு பேரின் சுபாவமும் அப்படித்தான் சேர்ந்து வேலை செய்தது: தம்பி கடையையும் மருந்தையும் பார்த்துக்கொள்வார், அண்ணன் ஊர் ஊராகப் போய் விற்பார். தைலத்துக்குப் புலியின் பெயர் வந்ததும் அண்ணனால்தான்.

பூன் ஹாவ் விற்பனையில் பிறவிக் கலைஞர். 1920களில் சிங்கப்பூருக்கு வந்து நீல் சாலையில் தொழிற்கூடம் போட்டார், அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. காரின் முன்னால் புலித் தலையை வைத்து ஓட்டிக்கொண்டு போனார். செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துக் கொடுத்துச் செலவானதும், நாமே ஒரு பத்திரிகை வைத்தால் என்ன என்று 1929இல் 'சின் சியூ ஜிட் போ' நாளிதழைத் தொடங்கினார். விளம்பரம் போடும் இடத்தையே சொந்தமாக வைத்துக்கொள்ளும் மனிதர் இவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூங்கா புரிய வேண்டுமென்றால் இது புரிய வேண்டும்.

ஹாங்காங்கில் 1935இல் ஒரு டைகர் பாம் தோட்டம் கட்டினார். அப்புறம் சிங்கப்பூரில், கடலைப் பார்த்த ஒரு மேட்டில், தம்பிக்காக ஒரு மாளிகை. ஹோ குவோங் யூ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார், 1937இல் வேலை முடிந்தது. மாளிகையைச் சுற்றி சிமெண்ட்டும் கம்பியும் வண்ணமும் கொண்டு சீனப் புராணக் காட்சிகளைச் சிலைகளாக வைத்து, வாசலைத் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் வரலாம், காசு வேண்டாம். அண்ணன் தம்பிக்குக் கட்டிய வீட்டின் தோட்டத்தில் ஊரே நடந்து போயிற்று.

போர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. பாசிர் பாஞ்சாங் மேட்டில்தான் 1942 பிப்ரவரியில் மலாய் ரெஜிமெண்ட் கடைசிவரை போராடியது. ஹாவ் பார் வில்லா அந்த மேட்டின் அடிவாரத்திலேயே இருக்கிறது. ஜப்பானியர் அந்த வீட்டை எடுத்துக்கொண்டார்கள். வடிவமைத்த ஹோ குவோங் யூவை அவர்கள் கொன்றுவிட்டார்கள். தம்பி பூன் பார் ரங்கூனுக்குப் போய் அங்கேயே 1944இல் இறந்தார். ஹாங்காங்கில் இருந்த அண்ணன் போர் முடிந்து திரும்பி வந்து பார்த்தபோது மாளிகை சிதைந்து கிடந்தது. அவர் அதைச் செப்பனிடவில்லை, இடித்துவிட்டார். யாருக்காகக் கட்டினாரோ அவரே இல்லாதபோது வீடு எதற்கு என்று நினைத்திருக்கலாம், அது என் ஊகம்தான். ஆனால் தோட்டத்தை விடவில்லை. 1954இல் சாகும்வரை சிலைகளை வைத்துக்கொண்டே இருந்தார்.

இந்தக் கட்டத்தில் ஏட்டைத் திறந்து பார்த்தால் பூங்கா எந்தத் தலைப்பின் கீழ் வரும்? என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், அது விளம்பரச் செலவு. கொஞ்சம் தான தருமம், கொஞ்சம் தம்பியின் நினைவு, கொஞ்சம் சீன நீதிக்கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசை எல்லாம் கலந்துதான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பணம் போன வழி ஒன்றுதான்: தைலம் விற்ற காசு தோட்டத்துக்குப் போனது. வந்தவர் பார்த்துவிட்டுப் போகும்போது டைகர் பாம் தோட்டம் என்ற பெயரை மனசில் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பெயர் அடுத்த நாள் மருந்துக் கடையில் காசாக மாறியது. வாசலில் காசு வாங்காததே அதன் வியாபார முறை.

அதே காலத்தில் இங்கே வேறு வகைக் குடும்பப் பூங்காக்களும் இருந்தன. நம் தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) நடக்கும் தூரத்தில், ஜாலான் புசாரில், ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் என்ற சகோதரர்கள் 1923இல் 'நியூ வோர்ல்ட்' தொடங்கினார்கள். நடனக் கூடம், பங்சாவான் என்ற மலாய் நாடகம், மல்யுத்தம், சினிமா, சாப்பாட்டுக் கடை என்று ராத்திரிக்கு ராத்திரி கூட்டம் அள்ளும். அப்புறம் கிம் செங் சாலையில் 'கிரேட் வோர்ல்ட்', கேலாங் பக்கம் 1937இல் 'ஹேப்பி வோர்ல்ட்'. 'நியூ வோர்ல்டும்' 'கிரேட் வோர்ல்டும்' பின்னால் ஷா சகோதரர்களின் கைக்குப் போயின. அவை ஒவ்வொரு ராத்திரியும் சம்பாதித்தே ஆக வேண்டியவை. தொலைக்காட்சியும் வேறு பொழுதுபோக்குகளும் வந்து கூட்டம் குறைந்ததும் நசித்துப்போயின. 'நியூ வோர்ல்ட்' இருந்த இடத்தில்தான் இப்போது சிட்டி ஸ்குவேர் மால் இருக்கிறது, பழைய வாயில் வளைவு மட்டும் நினைவுக்காக நிற்கிறது. டைகர் பாம் தோட்டத்துக்கு அந்த அன்றாடக் கவலை கிடையாது. சீனப் புத்தாண்டில் கூட்டம் நெரிந்தாலும் மழைநாளில் ஒருவரும் வராவிட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

பூன் ஹாவுக்குப் பிறகு பொறுப்பு தம்பி மகன் ஆவ் செங் சாயிடம் வந்தது. அவரும் பெரியப்பாவைப் போலவே தோட்டத்தைத் தொழிலோடு கட்டிவைத்தார். வெளிநாட்டுக்குப் போய்வந்தால் அந்த நாட்டின் பெயரில் ஒரு மூலை கட்டிவிடுவார். சீனப் புராணத்துக்கு நடுவே கங்காருவும், ஜப்பானிய சூமோ வீரர்களும், அமெரிக்கச் சுதந்திரதேவி சிலையும் எப்படி வந்தன என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் இதுதான். கலை விமர்சகர்களுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், ஊருக்குப் போய்வந்த மாமா கொண்டுவந்த சாமான்களையெல்லாம் காட்சிப் பெட்டியில் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும்.

என் பாட்டி அந்தக் காலத்துப் பார்வையாளர். தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தார், ஆகவே தோட்டம் கைக்கெட்டும் தூரம். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கோயில், அடுத்தது 'புலித் தோட்டம்'. புளிச்சோறு கட்டிக்கொண்டு போவார்கள். பாட்டிக்குப் பிடித்த இடம் நரகத்தின் பத்து நீதிமன்றங்கள், செத்தவர்கள் செய்த பாவத்துக்குத் தண்டனை வாங்கும் காட்சிகள். எழுதிய சீன எழுத்து ஒன்றும் தெரியாது, ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கம் சொல்லுவார். கருட புராணத்தில் கேட்டதெல்லாம் அங்கே சிமெண்டில் நின்றது, அவ்வளவுதான். அநியாய வட்டி வாங்கியவனைக் கத்தி மலையில் எறியும் காட்சிக்கு முன்னால் நின்று, "பாத்துக்கடா, கந்துவட்டிக்காரன். நம்ம சாமியும் இதத்தான் செய்யும், சீனச் சாமியும் இதத்தான் செய்யும்" என்பார். நான் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியும் மூடாமலும் பார்ப்பேன். எத்தனை தடவை போயிருப்போம் என்று கணக்கில்லை. கணக்கு வைக்கத் தேவையே இல்லாத இடம் அது.

சரி, சரிவு எங்கே தொடங்கியது? பலர் 1990ஐச் சொல்கிறார்கள். நான் 1969ஐச் சொல்வேன். அந்த ஆண்டுதான் ஆவ் குடும்பத்தின் தொழில்கள் 'ஹாவ் பார் பிரதர்ஸ் இன்டர்நேஷனல்' என்ற பெயரில் பங்குச் சந்தைக்குப் போயின. தைலம், பத்திரிகை, பூன் ஹாவ் 1950இல் தொடங்கிய சுங் கியாவ் வங்கி என்று குடும்பம் பல தொழில்களில் கால் வைத்திருந்தது. அடுத்த தலைமுறையில் பங்காளிகள் பெருகிவிட்டார்கள். பங்குச் சந்தைக்குப் போவது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், என் வாடிக்கையாளர்களில் சிலருக்கு நானே யோசனை சொல்லியிருக்கிறேன். ஆனால் குடும்பத்தின் பிடி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முன்னாலேயே முடிவு செய்யாமல் போனால் கதவு திறந்துவிடும். 1971இல் அந்தக் கதவு வழியாக 'ஸ்லேட்டர் வாக்கர்' என்ற பிரிட்டிஷ் நிதி நிறுவனம் உள்ளே வந்து கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. நிறுவனத்தை வாங்கு, சொத்தைப் பிரி, விற்று லாபம் பார். அதுதான் அவர்கள் பாணி. அதே ஆண்டு சுங் கியாவ் வங்கி யுஓபி வங்கியிடம் போனது. அதே ஆண்டுதான் ஆவ் செங் சாய் பயணம் போன இடத்தில், தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், இறந்துபோனார்.

ஒரே ஆண்டில் தொழிலும் போய், அதைத் தாங்கிய ஆளும் போன குடும்பத்தைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. இப்படி ஒரு வீட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெரியவர் போன மூன்று மாதத்தில் கடைச் சாவி யாரிடம் என்று தெரியாமல் பிள்ளைகள் நின்றார்கள்.

ஸ்லேட்டர் வாக்கர் விவகாரம் பின்னால் சிங்கப்பூர் நீதிமன்றம்வரை போனது, அது தனிக் கதை. ஹாவ் பார் நிறுவனம் பிற்பாடு யுஓபியின் வீ குடும்பத்தின் தலைமையில் நிலைபெற்று, இன்றும் டைகர் பாமை உலகம் முழுக்க விற்கிறது. நல்ல நிறுவனம்தான். ஆனால் பூங்காவைப் பொறுத்தவரை அடிப்படை உடைந்துவிட்டது. தைலம் ஒரு கையில், ஆவ் குடும்பத்தின் நினைவு இன்னொரு கையில். அடுத்து நிலமும் பிரிந்தது. 1985இல் அரசு நிலத்தைக் கையகப்படுத்தியது. பூன் ஹாவின் காலத்தில் ஒரே மனிதரின் சட்டைப்பையில் இருந்த மூன்றும் மூன்று திசைக்குப் போயின.

அப்போது சுற்றுலாத் துறையின் எண்ணம் புரிந்துகொள்ளக் கூடியதே. எண்பதுகளின் நடுவில் பயணிகள் வருகை தொய்ந்திருந்தது. பழைய சைனாடவுன், பழைய பூங்கா எல்லாவற்றுக்கும் புது உயிர் கொடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். பூங்காவை நடத்தும் உரிமை, ஃபிரேசர் அண்ட் நீவ், டைம்ஸ் பப்ளிஷிங் ஆகியவை கூட்டாக அமைத்த நிறுவனத்துக்குப் போனது. சுமார் 80 மில்லியன் வெள்ளி செலவு. 1990 அக்டோபரில் 'ஹாவ் பார் வில்லா டிராகன் வோர்ல்ட்' திறந்தது. 60 மீட்டர் நீள டிராகன், அதன் வயிற்றுக்குள் படகுச் சவாரி, அந்தச் சவாரியில் பத்து நீதிமன்றங்கள், நாடகம், பொம்மலாட்டம், தண்ணீர்ச் சறுக்குச் சவாரி. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 16 வெள்ளி.

நாங்களும் போனோம். அப்பா, அம்மா, பாட்டி, நாங்கள் பிள்ளைகள். பெரியவர்கள் மூவருக்கே 48 வெள்ளி, பிள்ளைகளுக்கு வேறு. அந்த நாள் நன்றாகத்தான் இருந்தது, நான் படகில் கத்திக்கொண்டே போனேன். ஆனால் பாட்டிக்கு ஒரு காட்சிக்கு முன்னால் நின்று கதை சொல்ல நேரம் கிடைக்கவில்லை. படகு நகர்ந்துகொண்டே இருந்தது. அப்புறம் நாங்கள் போகவில்லை. யாரும் வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை, ஒருமுறை பார்த்தாயிற்று என்று இருந்துவிட்டோம். எங்களைப் போல எத்தனை குடும்பம் இருந்திருக்கும் என்று யோசித்தால் நட்டத்தின் விதை அங்கேயே தெரிகிறது.

ஏனென்றால் சவாரிப் பூங்காவின் கணக்கு வேறு. 80 மில்லியனைப் போட்டவர் அதை வாசலிலேயே திருப்பி எடுக்க வேண்டும். அதற்கு ஆட்கள் திரும்பத் திரும்ப வர வேண்டும். அவர்கள் வர வேண்டுமென்றால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு புதுச் சவாரி வேண்டும், அதற்கு இன்னும் மூலதனம் வேண்டும். சின்னத் தீவில் உள்ளூர்க் கூட்டம் சீக்கிரம் தீர்ந்துவிடும். வெளிநாட்டுப் பயணிக்கோ செந்தோசா உல்லாசத் தீவு இருக்கிறது. ஜூரோங்கில் இதே சீனப் பழங்கதைகளை நம்பி வந்த 'தாங் டைனஸ்டி சிட்டி' 1999இல் மூடியதையும் சேர்த்துப் பார்த்தால், தவறு ஒரு நிறுவனத்தின் திறமைக் குறைவு மட்டும் அல்ல என்பது புரியும். டிராகன் வோர்ல்ட் முதல் ஆண்டில் லாபம் காட்டியது, அதற்குப் பிறகு இறக்கம்தான். 2001இல் நடத்தியவர்கள் விலகினார்கள். டிராகன் இடிக்கப்பட்டது. வாசல் மறுபடி இலவசமானது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சீட்டு விற்பதே பாவம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஹாவ் பார் நிறுவனம் செந்தோசாவில் 'அண்டர்வாட்டர் வோர்ல்ட்' என்ற கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தை 1991 முதல் 2016 வரை நடத்தியது. இருபத்தைந்து ஆண்டு, சீட்டு விற்றுத்தான். அது முதல் செங்கல்லிலிருந்தே சீட்டு விற்பதற்காகக் கட்டப்பட்டது. பாசிர் பாஞ்சாங் தோட்டம் அப்படிக் கட்டப்பட்டதல்ல. விளம்பரச் செலவாக ஏட்டில் இருந்த ஒன்றைத் தூக்கி வருமானப் பக்கத்தில் எழுதினார்கள். எழுதிய பேனா ஒன்றும் மாயம் செய்யவில்லை. என் கடைக்காரர்களிலும் இந்தத் தவறு நடக்கிறது. வாசலில் மோர் ஊற்றிக் கொடுத்துப் பெயர் வாங்கிய கடையில், மகன் வந்து மோருக்கு 50 காசு என்று எழுதி வைத்தான். மோர் விற்றது கொஞ்சம்தான், உள்ளே வருகிற கூட்டமும் குறைந்தது.

அப்படியென்றால் ஆவ் குடும்பம் என்ன செய்திருக்கலாம்? நிறுவனத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகும் முன் தோட்டத்தைத் தனியாகப் பிரித்து, ஓர் அறக்கட்டளையின் கையில் கொடுத்து, தைல விற்பனையில் இத்தனை பங்கு அதற்கு என்று எழுதி வைத்திருக்கலாம். நம் கோயில்களுக்கு நிலம் எழுதி வைத்தவர்கள் செய்தது அதுதான்: விளக்குக்கு எண்ணெய் எந்த வயலிலிருந்து வர வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். நிலத்தை அரசு எடுத்திருக்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சிலைகளைக் காக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி திறந்தபடி கிடந்திருக்காது. பூன் ஹாவ் இருந்தவரை அவருடைய பிடிவாதமே அந்த அறக்கட்டளையாக இருந்தது. பிடிவாதத்தை உயில் எழுதி வைக்க முடியாதே.

இப்போது சுற்றுலாக் கழகத்தின் பொறுப்பில், 2015 முதல் ஒரு தனியார் நிறுவனம் நடத்துகிறது. 2011இல் வாசலிலேயே எம்ஆர்டி ரயில் நிலையம் வந்துவிட்டது, அதன் பெயரும் ஹாவ் பார் வில்லா. சீரமைப்பு முடிந்து 2021இல் மறுபடி திறந்தபோது ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: தோட்டம் இலவசம், நரகத்தின் பத்து நீதிமன்றங்களை மட்டும் மரணமும் மறுமையும் பற்றிய ஓர் அருங்காட்சியகத்துக்குள் சேர்த்து அதற்குச் சீட்டு வைத்தார்கள். பல சமயத்தவர் சாவை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அங்கே விளக்கம் இருக்கிறது. பாட்டி அன்று சொன்ன விளக்கத்துக்கு இப்போதுதான் பலகை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்தாம் நீதிமன்றத்தில், மறுபிறவிக்குப் போகும் ஆத்மாக்களுக்கு எல்லாவற்றையும் மறக்கவைக்கும் தேநீர் கொடுக்கும் கிழவியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். வெயில். பூன் ஹாவ், பூன் பார், அவர்கள் பெற்றோர் பெயரில் நிற்கும் நினைவுத் தூண்களைச் சுற்றி நடந்தோம். அங்கே பக்கத்தில் ஓர் ஊழியர், ஒரு சிலையின் காலுக்குப் புதுச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார். வெயிலும் மழையும் சிமெண்டை விடாது, அடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

"அப்பா, இவ்வளவு சிலைக்கும் பெயிண்ட் அடிக்க யாருப்பா காசு கொடுக்கிறா?" என்று கேட்டாள்.

"இப்போ அரசாங்கம்மா. முன்னாடி உங்க பாட்டிம்மா காலுக்குத் தேய்ப்பாங்களே, அந்தத் தைலம் கொடுத்துச்சு."